மாமியார் வைத்துப் போன லில்லிகள்: தோண்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் மாமியார் நாற்பது வருடத்துக்கு மேல் வளர்த்த லில்லிகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. மொத்தம் மூன்று வகை. ஒன்று தூய வெள்ளை, நல்ல வாசனை; அவர் அதை ‘மடோனா’ என்பார். மூன்று வருடம் முன்பு ஒன்பது தண்டு வந்தது, இந்த வருடம் நான்குதான். இரண்டாவது, கருப்புப் புள்ளி போட்ட ஆரஞ்சு. தலைகீழாகத் தொங்கும் பூ. இலை இடுக்கில் மிளகு போல மணி வைக்கிறது; விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கிறது. மூன்றாவது, வானம் பார்த்துப் பூக்கும் செம்மஞ்சள். மணி வைக்காது, பெயரும் தெரியாது. அதன் இலைகளில் வெளிறிய கோடுகள் தெரிகின்றன, வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே போகிறது. மூன்றும் ஒரே பாத்தியில் கலந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் தோண்டி, மண்ணை மாற்றி நடலாமா? விதை எடுத்து வளர்த்தால் அதே ரகம் கிடைக்குமா? மூன்றாவதன் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: மொத்தப் பாத்தியையும் இப்போது தோண்ட வேண்டாம். மூன்றுக்கும் மூன்று கதை. ஒரே நாளில் கிளறிவிட்டால் எது எதனால் கெட்டது என்று பிறகு சொல்லவே முடியாது. அதோடு, கலந்து நிற்கும் கிழங்குகளைப் பூ இல்லாத நேரத்தில் பிரித்தறிவதும் கஷ்டம். ஆரஞ்சுப் புள்ளி லில்லிக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகமே அதன் மேல்தான்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். லில்லி என்ற பெயரில் நம்மிடம் பத்துச் செடிகள் உலாவுகின்றன. கிழங்கின் ஒரு பக்கம் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். பூண்டுப் பல்லை நெருக்கி அடுக்கியது போலத் தனித்தனிச் செதில்கள் இருந்து, மேலே காகிதத் தோல் இல்லையென்றால் அது உண்மையான லில்லி, அதாவது லிலியம் இனம். வெங்காயம் போல அடுக்கடுக்காக மூடியிருந்தால் அது அமரில்லிஸ் குடும்பத்துச் செடி. கிழங்கே இல்லாமல் புல் போன்ற இலையும் தடித்த வேர்க்கொத்தும் இருந்தால் டே லில்லி. உங்கள் விவரங்களைப் பார்த்தால் மூன்றும் லிலியம்தான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் கீழே சொல்லப்போகும் செதில் முறை, அதாவது கிழங்கின் செதிலை ஒடித்துப் புதுக்கிழங்கு வளர்ப்பது, லிலியத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், கத்தி எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விதைக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இந்த மூன்றையும் விதையால் காப்பாற்ற முடியாது. மணி வைக்கும் ஆரஞ்சு, புலி லில்லி. தோட்டங்களில் பரவலாக இருக்கும் புலி லில்லிக்குக் குரோமோசோம் வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி. அதனால் விதை பிடிக்காது. அது பரவுவதெல்லாம் அந்தக் கருப்பு மணிகளால். மடோனா லில்லி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கிழங்கிலிருந்து பெருகிய பத்துத் தண்டு நின்றாலும் அவை பத்தும் ஒரே செடிதான், எனவே காய் வைப்பது அபூர்வம். மூன்றாவது கலப்பினமாக இருந்தால் விதை முளைக்கலாம், ஆனால் வருவது அதன் பிள்ளைகள். நிறமும் உயரமும் புள்ளியும் ஆளுக்கொரு விதமாக இருக்கும். பழைய ரகம் என்று நாம் சொல்வது ஒரே ஒரு செடியின் தொடர்ச்சி. என்றோ ஒருவர் தேர்ந்தெடுத்த அந்தச் செடியின் உடம்பிலிருந்தே பிய்த்துப் பிய்த்துப் பெருக்கியது.

பழைய தோட்டங்களில் ரகம் தொலைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். காயைப் பறிக்காமல் விடுவார்கள், விதை அதே பாத்தியில் விழுந்து முளைக்கும். ஐந்தாறு வருடத்தில் தாய்ச்செடி பலவீனமாகி மறைய, கிட்டத்தட்ட அதே நிறத்தில் பூக்கும் பிள்ளை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயர்ப்பலகை மட்டும் பழையபடியே நிற்கும். ஆகவே மூன்றாவது லில்லியில் பூ வாடியதும் பிஞ்சுக் காயைக் கிள்ளிவிடுங்கள். கிழங்குக்குப் போக வேண்டிய சத்தும் மிச்சம்.

விதை வேண்டவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. லில்லியைத் தாக்கும் முக்கியமான வைரஸ்கள் விதை வழியாகப் பொதுவாகப் போவதில்லை. கலப்பு இல்லாத காட்டினங்களுக்கு இது பெரிய வரம். 1910-இல் செடி தேடிப் போன எர்னஸ்ட் வில்சன் சீனாவின் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மண்சரிவில் கால் உடைபட்டுக் கொண்டுவந்த ரீகல் லில்லியை இன்றைக்கும் விதை போட்டே சுத்தமாக, அசல் குணத்தோடு வளர்க்க முடிகிறது. விதைத்த இரண்டாம், மூன்றாம் வருடத்திலேயே பூத்தும்விடும். பெயர் சூட்டிய கலப்பினங்களுக்கு அந்த வசதி கிடையாது.

இனி நோய்க்கு வருவோம். மூன்றாவதன் இலையில் தெரியும் கோடுகள் என்ன என்பதில்தான் உங்கள் பாத்தியின் தலையெழுத்தே இருக்கிறது. காலை வெயிலில் ஒரு நடு இலையைப் பறிக்காமலேயே பின்பக்கம் வெளிச்சம் வரும்படி தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நரம்போடு சேர்ந்து நீளவாக்கில், விட்டு விட்டு, ஓரம் மங்கலாக வெளிர்பச்சைக் கீற்றுகள் ஓடினால், இலை லேசாக முறுக்கியும் இருந்தால், வைரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பூவில் நிறம் சீராக இல்லாமல் தீற்றுத் தீற்றாகப் பிரிந்திருந்தால் சந்தேகமே இல்லை. அதற்குப் பதில் முட்டை வடிவப் புள்ளிகள், நடுவில் வெளிறிய பழுப்பு, சுற்றிலும் கருஞ்சிவப்பு விளிம்பு, கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறுவது என்றிருந்தால் அது போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நுனியிலுள்ள இளம் இலைகள் ஒரே சீராக மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் வரும்.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வரும் நஷ்டம் கொஞ்சமல்ல. போட்ரைட்டிஸ் இலையைத் தீய்த்து மொட்டையாக்கினாலும் கிழங்கைத் தொடாது. அடுத்த வருடம் செடி வந்துவிடும். அதைப் பார்த்து பயந்து அபூர்வமான கிழங்கைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. வைரஸ் அதற்கு நேரெதிர். செடி சாகாது, பூக்கவும் செய்யும், கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும். உயரம் வருடா வருடம் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது வைரஸ் பக்கமே கை காட்டுகிறது.

புலி லில்லி மேல் சந்தேகம் ஏன் என்றால், அது ‘லில்லி மாட்டில்’ (lily mottle) என்ற வைரஸ் போன்றவற்றை உடம்பில் வைத்துக்கொண்டே எந்த அடையாளமும் காட்டாமல் செழித்து நிற்கும். 1804-இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து தண்டு மணியாலேயே பெருகி ஊர் ஊராகப் பரவிய செடி அது. நோய் இருந்தால் மணிக்குள்ளும் இருக்கும். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. அசுவினி ஒரு இலையில் மூக்கை வைத்து ருசி பார்க்கும் சில விநாடிகளிலேயே வைரஸ் அதன் வாயில் ஒட்டிக்கொள்கிறது; அடுத்த செடியில் வாய் வைக்கும் சில விநாடிகளில் இறங்கிவிடுகிறது. பூச்சிமருந்து அடித்தால் அசுவினி செத்துப்போகும், ஆனால் சாகும் முன் வேலையை முடித்திருக்கும். அசுவினி பெருகாமல் இருக்க மருந்து உதவும். வைரஸைத் தடுக்க அதை நம்ப வேண்டாம். தொழில்முறை வளர்ப்பாளர்கள் மினரல் ஆயில் தெளிப்பதற்குக் காரணமும் இதுதான். எண்ணெய்ப் படலம் இருந்தால் வைரஸ் தொற்றுவது குறைகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட எளிது, மிக முக்கியமான தொட்டிகளுக்கு மேல் பூச்சி வலை.

ஆக முதல் வேலை, புலி லில்லியை அந்தப் பாத்தியிலிருந்து வெளியேற்றுவது. மாமியார் நினைவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தோட்டத்தின் மறுகோடியில், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். இத்தனை அடி என்று பாதுகாப்பான தூரம் எதுவும் கிடையாது, காற்று அடித்தால் அசுவினி எங்கும் போகும். மணிகள் கருத்து, விரல் பட்டால் உதிரும் பதம் வருவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். எப்படிப் பறித்தாலும் முந்தைய வருடங்களில் விழுந்தவை மண்ணில் இருக்கும். ஒற்றை இலையோடு முளைத்து வரும் குட்டிகளை இரண்டு, மூன்று பருவம் தொடர்ந்து பிடுங்க வேண்டியிருக்கும்.

அடுத்து மடோனா. எண்ணிக்கை குறைவதற்கு வைரஸ் காரணமாக இருக்கலாம்; ஆனால் இந்தச் செடியில் நான் முதலில் பார்ப்பது ஆழத்தை. மற்ற லில்லிகளில் பெரும்பாலானவை கிழங்குக்கு மேலே மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். அவற்றைக் கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில், பெரிய கிழங்கென்றால் 15 செ.மீ.க்கு மேல்கூட, நடலாம். மடோனாவுக்குத் தண்டு வேர் கிடையாது. கிழங்கின் மூக்குக்கு, அதாவது மேல் நுனிக்கு, மேல் 2 முதல் 3 செ.மீ. மண் போதும். வருடா வருடம் மேலே எருவும் சருகும் போட்டுப் போட்டு, தெரியாமலேயே ஒரு சாண் ஆழத்தில் புதைத்திருப்பார்கள். உங்கள் பாத்தியில் மூன்று வகையும் ஒன்றாக இருப்பதால் இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பென்சிலால் மெதுவாகக் குத்திப் பார்த்தால் கிழங்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. கோடை முடிவில் சில வாரங்கள் மட்டும் தூங்கிவிட்டு, இலையுதிர் காலத்திலேயே தரையோடு ஒட்டிய இலைக்கொத்து ஒன்றை விட்டு, அதோடே குளிர்காலத்தைக் கழிக்கும். களை என்று நினைத்து அதைச் சுரண்டி எறிந்தால் அடுத்த பூவுக்கான சமையலறையையே இடித்த மாதிரி. எடுத்து மாற்றி நட வேண்டுமென்றால் பூ முடிந்து தண்டு மஞ்சளான பிறகு, புது இலைக்கொத்து வருவதற்கு முன் இருக்கும் இடைவெளியில் செய்ய வேண்டும். பூத்து நாலைந்து வாரம் கழித்து என்று கணக்கு வைக்கலாம். அந்த நாள் தவறினால் ஒரு வருடம் காத்திருப்பது நல்லது. முழு வெயில், நீர் தேங்காத இடம், சுண்ணாம்பு கொஞ்சம் கலந்த அல்லது நடுநிலையான மண் பிடிக்கும். நட்ட முதல் வருடம் பூக்காமல் முறைத்துக்கொண்டு நின்றால் கவலைப்படாதீர்கள், இந்தச் செடிக்கு அது வழக்கம்.

எந்த லில்லிக் கிழங்கையும் வெங்காயம் போல வெயிலில் காயவைக்கக் கூடாது. தோல் கிடையாது, முழுத் தூக்கமும் கிடையாது. இரண்டு நாளில் செதில் சுருங்கி, வேர் கருகிவிடும். எடுத்த அன்றே நட வேண்டும். முடியவில்லையென்றால் லேசாக ஈரமான கோகோபீட்டில் புதைத்து வையுங்கள். கிழங்கு கையில் இருக்கும்போதே அடித்தட்டைப் பாருங்கள். வேர் புறப்படும் அந்த வட்டம் வெண்மையாகக் கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பாகி, செதில்கள் தொட்டாலே உதிர்ந்தால் அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். அடித்தட்டு போன கிழங்கை மருந்தால் மீட்க முடியாது. ஆனால் வெளிப்புறத்தில் கறை படாத செதில் நாலு கிடைத்தாலும் ரகத்தைக் காப்பாற்றலாம். அந்தக் குழியில் சில வருடம் லில்லி வேண்டாம். பாதி மக்கிய சாணம், தழைச்சத்து மிகுந்த உரம் இரண்டும் இந்த அழுகலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு கொடுப்பது மாதிரி. தழைச்சத்து குறைவாகவும் சாம்பல்சத்து கூடுதலாகவும் உள்ள உரத்தைக் குருத்து வரும்போது ஒரு தடவை, மொட்டு தெரியும்போது ஒரு தடவை கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

செதில் முறைக்கு வருகிறேன். ரகத்தைக் காப்பாற்ற வீட்டில் செய்யக்கூடியதில் இதைவிட நம்பகமான வழி இல்லை. நன்றாகச் செய்தால் ஒரு கிழங்கிலிருந்து ஒரே பருவத்தில் பத்து, பதினைந்து வாரிசு கிடைக்கும்.

பூ முடிந்த பிறகு, உங்கள் கண்ணுக்கு மிகச் சுத்தமாகத் தெரியும் தண்டின் கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். எது சுத்தம் என்பதைப் பூக்கும் காலத்திலேயே நூல் கட்டிக் குறித்து வைக்க வேண்டும், இலை போன பிறகு தெரியாது. முழுக்கிழங்கையும் எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு பக்கம் மண்ணை விலக்கி, வெளிச்சுற்றில் ஆறு முதல் எட்டு செதிலை ஒவ்வொன்றாக வெளிப்பக்கமாக வளைத்து ஒடியுங்கள். ‘டக்’கென்று அடியோடு வர வேண்டும், அடித்தட்டின் நார் கொஞ்சம் ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. பாதியில் உடைந்த செதிலின் நுனித்துண்டு அவ்வளவாகப் பயன்படாது, குட்டி பிறப்பது அடிப்பக்கத்தில்தான். உள் செதில்களை விட்டுவிட்டு மண்ணை மூடினால் தாய்க்கிழங்கு அடுத்த வருடமும் பூக்கும்.

செதில்களைக் கழுவி, கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்த நீரில் நனைத்து, நிழலில் காகிதத்தின் மேல் ஒரு மணிநேரம் உலர விடுங்கள். ஜிப் கவரில் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) போடுங்கள், அல்லது கோகோபீட்டும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கனிமத் துகள்) பாதிப் பாதி கலந்து போடுங்கள். ஈரம் எவ்வளவு என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விரலிடுக்கில் வரக் கூடாது. செதில்கள் ஒன்றையொன்று தொடாதபடி கலந்து, கொஞ்சம் காற்றோடு மூடி, வெளியே ரகமும் தேதியும் எழுதி, 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டில் வையுங்கள். அறை 30 டிகிரியைத் தாண்டும் காலமென்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். செதில் கூழாகிவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை திறந்து பார்க்கலாம். செதிலின் அடி விளிம்பில் முதலில் மெல்லிய தடிப்பு தெரியும், பிறகு அரிசி அளவில் வெள்ளை முத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் பட்டாணி அளவுக் குட்டியும் ஓரிரு வேரும். ஒரு செதிலுக்கு ஒன்று முதல் மூன்று குட்டி. உடைந்த விளிம்பில் நீலப்பச்சைப் பூசணம் தெரிந்தால் அந்தச் செதிலை எடுத்துக் கழுவி, மருந்தில் முக்கி, தனிக் கவரில் போடுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வழுவழுவென்று நாற்றமடித்தால் ஈரம் அதிகம், அதைத் தூக்கி எறியத்தான் வேண்டும். தோல் சுருங்கினால் ஈரம் போதவில்லை, தெளிப்பானால் இரண்டு அடி அடித்தால் சரியாகும். இரண்டு மாதமாகியும் ஒன்றும் நடக்காமல் செதில் மட்டும் கெட்டியாக இருந்தால் இடம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம்.

குட்டி வந்ததும் கவரை அப்படியே ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுக்கு மாற்றுங்கள். 4, 5 டிகிரியில் எட்டு முதல் பத்து வாரம். இந்தக் குளிர் கிடைக்காவிட்டால் குட்டி உயிரோடு இருக்கும், முளைக்கத்தான் மனசு வராது. அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் போன்ற பழுக்கும் பழங்கள் இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு குருத்தைக் கெடுத்துவிடும். குளிர்காலமே இல்லாத இடத்தில் வளர்ப்பவர்கள் பெரிய கிழங்குகளுக்கும் வருடா வருடம் இதே குளிரைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளியே எடுத்ததும் 2, 3 செ.மீ. ஆழத்தில், 5 செ.மீ. இடைவெளியில் தொட்டியில் நடலாம். பழைய செதில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், குட்டி அதிலிருந்துதான் சாப்பிடுகிறது. முதல் வருடம் ஒற்றை இலைதான் வரும். இரண்டாம் வருடம் சின்னத் தண்டு. பூ இரண்டாம் வருடத்திலிருந்து நான்காம் வருடத்துக்குள், ரகத்தைப் பொறுத்து. அந்த ஒற்றை இலைப் பருவத்தில் வாடிவிட்டது என்று தண்ணீரை நிறுத்துவதால் இறப்பவையே அதிகம்.

செதில் எடுக்கும் கையிலும் கத்தியிலும் சாறு ஒட்டும், சாறு வழியாகவும் சில வைரஸ் பரவும். ஒரு ரகம் முடித்து அடுத்ததைத் தொடும் முன் கைகழுவி, புது பிளேடு எடுங்கள். கத்தியேதான் வேண்டுமென்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் நன்றாக ஊறவைத்துத் துடைக்கலாம், ஆனால் துருப்பிடிக்கும். பூவைப் பறிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். தோட்டத்தில் வரிசையாக ஒரே கத்தரிக்கோலோடு போவது அசுவினி வேலையை நாமே செய்வது.

செதில் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தாய்க்கிழங்கில் வைரஸ் இருந்தால் பதினைந்து பிள்ளைகளுக்கும் அது போகும். அதனால்தான் மூன்றாவது லில்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் தண்டுகளில் ஒன்றிரண்டாவது கோடு இல்லாமல் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அவற்றிலிருந்து மட்டும் செதில் எடுத்து, தனித் தொட்டியில் வலைக்குள் வளர்த்து, இரண்டு பருவம் இலையைக் கவனியுங்கள். கோடு வந்ததை அன்றே பிடுங்கிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழிக்கு வேண்டாம். எல்லாத் தண்டிலுமே கோடு இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. திசு வளர்ப்பு ஆய்வகத்தில் குருத்து நுனியில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துணுக்கை வெட்டி வளர்த்து வைரஸ் இல்லாத செடியை மீட்க முடியும். வைரஸ் அந்த நுனிவரை எட்டிப் பிடிப்பது குறைவு என்பதே அதன் சூட்சுமம். மீட்ட பிறகும் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும். அந்த வழி இல்லையென்றால் என் தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகத் தோன்றும்: நல்ல புகைப்படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்றப் போய் மடோனாவையும் இழக்க வேண்டாம். மனசு கேட்காவிட்டால் ஒரே ஒரு தொட்டி, வலைக்குள், மடோனாவிலிருந்து தள்ளி.

பெயர் விஷயம். வானம் பார்த்துப் பூக்கும் செம்மஞ்சள் என்றதும் பலரும் உடனே ‘என்சான்ட்மென்ட்’ என்பார்கள். அமெரிக்காவின் ஓரிகன் பல்ப் ஃபார்ம்ஸ் பண்ணையில் ஜான் டி கிராஃப் 1940-களில் கொண்டுவந்து உலகமெங்கும் போன ரகம் அது. ஆனால் அது இலை இடுக்கில் தாராளமாக மணி வைக்கும். உங்களுடையது வைப்பதில்லை என்கிறீர்கள். பழைய தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்த லிலியம் பல்பிஃபெரம் என்ற காட்டினத்தின் குரோசியம் வகையும் இதே நிறம், இதே நிலை, மணி வைக்காது. இன்னும் ஏராளமான கலப்பினங்களும் இதே சாயலில் உண்டு. ஒரு கடிதத்தை வைத்து நான் பெயர் ஒட்ட மாட்டேன், நீங்களும் ஒட்டாதீர்கள். தவறான பெயர் ஒட்டிய செடியைவிடப் பெயரில்லாத செடி மேல். ‘மாமியார் தோட்டம், செம்மஞ்சள், 1’ என்று எழுதினாலே போதும்.

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இவற்றைக் குறித்து வையுங்கள்: பூ மேலே, பக்கவாட்டில், கீழே எந்தத் திசை, இதழின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் நிறமும், புள்ளி எவ்வளவு தூரம் போகிறது, இதழின் அடியில் தேன் ஓடும் பள்ளத்தின் நிறம், அதில் ரோமம் அல்லது மருக்கள் உண்டா, மகரந்தம் புதிதாக வெடித்தபோது என்ன நிறம், சூலகமுடி நிறம், தண்டு பச்சையா, கருஞ்சிவப்பா, இலை தண்டில் சிதறியிருக்கிறதா, வட்டமாக அடுக்கியிருக்கிறதா, வாசனை உண்டா. பூ விரிந்த முதல் நாளே, வெள்ளைத் தாள் பின்னணியில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மூன்றாம் நாள் பூவின் நிறம் நம்பத் தகுந்ததல்ல. லில்லிப் பெயர்களின் சர்வதேசப் பதிவேட்டை ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி பராமரிக்கிறது. அதிலுள்ள வர்ணனைகளோடு ஒப்பிட இந்தக் குறிப்புகள்தான் உதவும். ‘கோல்டன் ஸ்ப்ளெண்டர்’, ‘பிங்க் பெர்ஃபெக்ஷன்’ போன்ற பழைய பெயர்கள் தனிச் செடியின் பெயர் அல்ல, விதையால் வளர்த்த கூட்டத்தின் பெயர் என்பதும் நினைவிலிருக்கட்டும். இரண்டு பேரிடம் இருப்பது கொஞ்சம் வேறுபட்டாலும் இரண்டும் அசலாக இருக்கலாம்.

பெயர்ப்பட்டையில் மார்க்கர் பேனா ஒரே வெயிலில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதினால் பல வருடம் நிற்கும். மெல்லிய அலுமினியப் பட்டையில் அழுத்திக் கீறினால் அதற்கும் மேல். பட்டையைத் தொட்டிக்குள் மண்ணிலும் ஒன்று புதைத்து வையுங்கள், மேலே இருப்பதைக் காக்கையோ குழந்தையோ பிடுங்கிப் போனாலும் பயமில்லை.

வீட்டில் பூனை இருந்தால் இதைப் படித்ததும் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: லிலியத்தின் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொஞ்சம் நக்கினாலே உயிருக்கு ஆபத்து. வலைக்குள் தொட்டி என்று சொன்னதற்கு அப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிடும். சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். இந்தப் பூப்பருவத்தில் படம், குறிப்பு, நூல் கட்டுவது, புலி லில்லியின் மணிகளைப் பறிப்பது. பூ முடிந்ததும் புலி லில்லியை வெளியேற்றிவிட்டு, மடோனாவைச் சரியான ஆழத்தில் புது இடத்தில் நடுங்கள். அப்போதே ஒரு நல்ல கிழங்கிலிருந்து செதிலும் எடுத்துவிடுங்கள். குட்டிகள் வளர்ந்து பூத்து, இலையும் பூவும் சுத்தம் என்று இரண்டு பருவம் தெரிந்த பிறகு, குறைந்தது இன்னும் இரண்டு வீட்டுக்குப் பெயர்ப்பட்டையோடு கொடுங்கள். ஒரே பாத்தியில் மட்டும் இருக்கும் ரகம் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். கேட்பவர் வேறு லில்லி வளர்ப்பவராக இருந்தால் புலி லில்லி மணியை மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.